எட்டு வேளை

விழுப்புரத்தில் ஏறிய காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஒருத்தியின் மடியில் ஒரு மருந்துச் சீட்டின் கார்பன் காப்பி இருந்தது.

“மாத்திரை நம்பர் எட்டு, எட்டு வேளையா ஆயிடுச்சுடி” என்றாள் அவள்.

“எப்பிடி?”

“நர்சிங் ஹோமுக்கு மருந்துச் சீட்டு அடிக்க நான் எழுதின புரோகிராம்ல மொதல்ல பேஷண்டு பேரு, அப்பறம் எத்தினி வேளை. வேளை குடுக்கலன்னா தானா மூணுன்னு எடுத்துக்கும். அதுக்கப்பறம் மாத்திரை நம்பருங்க, எத்தினி வேணா குடுக்கலாம்.”

“சரியாத்தான இருக்குது?”

“மூணு வேளைதானேன்னு அதை வுட்டுட்டு, பேருக்கப்பறம் நேரா மாத்திரை நம்பருங்களைக் குடுத்தேன். மொதல் நம்பரை அது வேளைன்னு எடுத்துக்கிச்சு. டெஸ்ட் பண்றப்பல்லாம் வேளையும் சேத்தே குடுத்தேன், தெரியல.”

“அப்ப அந்த எட்டாம் நம்பர் மாத்திரை?”

“சீட்டுலயே இல்ல. மீதி ரெண்டு மாத்திரையும் எட்டு வேளைன்னு வந்திருக்குது. முந்தாநேத்து குடுத்தது.”

பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியபோது மற்றவள் அந்தக் காப்பியை வாங்கிப் பார்த்தாள்.

“யாருக்குடி?”

“மேல்மலையனூர் பக்கம், மல்லாட்டைக் கொல்லையில கடலை பறிக்கிற அம்மா. திண்டிவனத்துல நர்சிங் ஹோமுக்குப் போயி அட்ரஸ் வாங்கிக்கினு ஓடணும்.”

“பயப்படாத. யாருடி ஒழுங்கா மாத்திரை முழுங்கறாங்க? பாதியத் தூக்கிப் போட்டிருப்பாங்க.”

“இல்லடி. மிஷின் அடிச்சது, தப்பே வராதுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சீட்டைக் கண்ணுல ஒத்திக்கினு, ‘ஒரு வேளை கூட வுட மாட்டேம்மா’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”