பயந்தவனுக்கே பலிக்கும்

பாடம் நடத்திப் பிழைக்கிறவனுக்குத் தொண்டைதான் மூலதனம். ஆகவே, கேட்காமலேயே வெந்நீர் தந்ததற்கு முதலில் என் நன்றி. நான் மெதுவாகத்தான் பேசுவேன். தயக்கம் என்று எண்ணிவிட வேண்டாம், தொழில் பழக்கம். ஆளுக்கொரு மந்திரக்கோலுடன் மாணவர்கள் நிற்கும் அறையில் குரலை உயர்த்துகிற ஆசிரியன் நெடுநாள் நிலைப்பதில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும், அதிகாரி அம்மா. இந்தக் கட்டடத்தின் காவலர்களிலேயே சிலர் என்னிடம் மரப்பு மந்திரம் கற்றவர்கள். தற்காப்புக்கென்று சட்டம் அனுமதிக்கும் ஒரே மந்திரம் அது. பட்டவர் நின்ற இடத்திலேயே மரத்துச் சரிவார். கண் திறந்திருக்கும், காது கேட்கும், இமையைக்கூட அசைக்க முடியாது. ஒரு வாளித் துணியைத் துவைத்துப் பிழிகிற நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். காயமில்லை, வலியில்லை.

அதற்கு ஒரு குணம் உண்டு. பயந்தவன் கையில் மட்டுமே அது பலிக்கும். கோபத்தோடு கோலை நீட்டினால் நுனியில் கொஞ்சம் புகை வரும், மயிர் கருகிய நாற்றம் வரும், அவ்வளவுதான். நீதிமன்றங்கள் அதை நம்புவதும் இதனால்தான். மரப்பு பலித்ததென்றால் பயம் உண்மை; பயம் உண்மையென்றால் செய்தது தற்காப்பு. மேற்கொண்டு கேள்வி கிடையாது.

வகுப்பில் பலர் திணறுவதும் இங்கேதான். வங்கிக் காவலர் ஒருவர் இருந்தார், மலைபோன்ற உடம்பு. எத்தனை முறை முயன்றாலும் புகைதான்.

"சார், திருடனை நெனச்சா எனக்குச் சிரிப்புதான் வருது. எங்க மேனேஜரை நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது."

"அப்ப மேனேஜரையே நெனச்சுக்கிட்டு அடிங்கண்ணே," என்றார் பக்கத்தில் நின்ற டிராம் கண்டக்டர் அம்மா. "திருடன் விழுந்தா விழறான், விழாட்டிப் போறான். உங்க மனசாவது ஆறும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவருக்கு மூச்சடக்கக் கற்றுக்கொடுத்தேன். நெஞ்சு முட்டிக் கண் இருளும்வரை மூச்சை அடக்கிப் பிடித்தால், மனம் எதை நினைத்துக்கொண்டிருந்தாலும் உடம்பு சாவை நினைத்துக்கொள்ளும். எந்தப் பயம் தானாக வந்தது, எந்தப் பயம் வரவழைக்கப்பட்டது என்று கோலுக்குப் பிரித்தறியத் தெரியாது. இது பாடத்திட்டத்தில் இல்லை. என் சொந்தக் கண்டுபிடிப்பு.

பாடத்திட்டத்தில் உள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மந்திரத்தை ஏவியவர், பட்டவர் தெளியும்வரை பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்து, தலைக்கு அணை கொடுத்து, கண் உலர்ந்துவிடாமல் ஈரப்பஞ்சால் ஒற்ற வேண்டும். பலர் அடித்த கையோடு ஓடிவிடுகிறார்கள். நான் ஒருபோதும் இதில் குறை வைத்ததில்லை. அறிக்கையில் இதை விடாமல் எழுதிக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

என் மனைவி பேசும் கண்ணாடிகளைப் பழுதுபார்ப்பவள். வீட்டின் முன்னறைதான் அவள் பட்டறை. முகத்துதி செய்யும் கண்ணாடி, திக்கிப் பேசும் கண்ணாடி, சொந்தக்காரியின் வயதை உரக்கச் சொல்லிவிடும் கண்ணாடி என்று எதையும் அப்படியே பேசிக்காட்டுவாள். வாடிக்கையாளர்கள் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். தெருவரை சிரிப்பு கேட்கும். நான் சொன்னதெல்லாம் சிறிய விஷயங்கள்: பட்டறையைப் பின்னறைக்கு மாற்றிக்கொள், தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி வை, கண்ணாடிகளை நானே போய் வாங்கி வருகிறேன். எதற்கும் அவள் சண்டை போடவில்லை. நான் என்ன கொடுமைக்காரனா, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவின் தாழில் கைவைத்தபடி சொன்னாள்:

"கொஞ்ச நாள் தம்பி வீட்டுல இருந்துட்டு வரேங்க. இங்க எனக்கு மூச்சு முட்டுது."

கோல் எப்போது கைக்கு வந்ததென்று எனக்கே தெரியாது. மரப்பு பலித்தது. தயவுசெய்து அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பலித்தது.

காவல் இருந்தபோது அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் அவள் முடிக்க விட்டதில்லை; பாதியிலேயே ஒரு கேலி வந்து விழும். அன்று எல்லாவற்றையும் முடித்தேன். தெளிந்ததும் எழுந்து தண்ணீர் குடித்தாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன பண்ணிடுவேன்னு உங்களுக்கு இவ்வளவு பயம்?"

"நீ போயிடுவேன்னு."

"போறதும் அடிக்க வர்றதும் ஒண்ணாங்க?"

சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை என்று விளக்கினேன். அதன் பிறகும் சில முறை நேர்ந்தது. பழுதுக்கு வந்திருந்த ஒரு கண்ணாடி, அவள் தரையில் கிடப்பதைப் பார்த்து "ஐயோ, ஐயோ" என்று அரற்றியது. அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அவள் கெட்டிக்காரி. வீட்டில் நான் பாடங்களை ஒத்திகை பார்ப்பதைப் பின்னறையிலிருந்து கேட்டவள். கோலைப் பிடுங்க அவள் முயலவே இல்லை. என் பயத்தைத்தான் பிடுங்கத் தொடங்கினாள். என் கண்ணெதிரே பையிலிருந்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, அந்தப் பையில் கண்ணாடி துடைக்கும் கந்தலைத் திணித்துவைத்தாள். வகுப்பில் என்ன நடந்தது என்று மாலையில் கேட்பாள். "நான் எங்கங்க போகப்போறேன்? என்னை வச்சுச் சமாளிக்க வேற யாரால ஆகும்?" என்பாள். எனக்குச் சதை போட்டது. கோலைக் குடைகளோடு மூலையில் சாத்திவைக்கும் அளவுக்கு நிம்மதியானேன். எங்கள் இல்லறத்தின் மிக நல்ல காலம் அதுதான். அவள் என்னிடமிருந்து பயத்தைக் கரண்டி கரண்டியாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது தெரியவில்லை.

ஒரு காலையில் அவள் தம்பி வண்டியோடு வந்து நின்றான். வாடகைக்குச் சாமான் ஏற்றுகிறவன், வாய் ஓயாதவன்.

"என்ன மாமா, அக்காவோட சாமான் இந்த ஒரு பெட்டிதானா? இதுக்குப் போய் வண்டி கொண்டுவந்தேன்னு தெரிஞ்சா மாடு என்னைக் கேவலமாப் பாக்கும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெருமுனையில் நிறுத்தியிருந்த வண்டியை நோக்கி நடந்தான். அவள் வாசற்படியில் நின்றாள். நான் கோலை எடுத்து நீட்டினேன். புகைதான் வந்தது.

அவள் அந்தப் புகையைப் பார்த்தாள். நோயாளிக்கு நல்ல செய்தி சொல்லும் வைத்தியரைப்போலச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? உங்களுக்குப் பயமே இல்லைங்க. வெறும் கோவம்தான். அது ஆறிடும்."

அத்தோடு போயிருக்கலாம். கண்ணாடி தேய்க்கும் மெருகுக்கல்லை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே வந்தாள். நான் கதவைச் சாத்தினேன். மூச்சை அடக்கினேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஓடவில்லை, கத்தவும் இல்லை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. மூச்சு விடுங்க. என்னைப் பாருங்க, மூச்சு விடுங்க, தயவுசெஞ்சு மூச்சு விடுங்க." நீரில் மூழ்குகிறவனிடம் பேசுவதைப்போல அவ்வளவு அக்கறை. என்மேல் அவளுக்கு இருந்த அன்புக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கண் இருண்டதும் மந்திரத்தைச் சொன்னேன்.

தம்பியிடம், அக்கா மனம் மாறிவிட்டாள், தலைவலியோடு படுத்திருக்கிறாள் என்று கதவிடுக்கில் சொல்லி அனுப்பினேன். அடுத்தடுத்து வந்தபோது, தூரத்து மாளிகை ஒன்றில் கண்ணாடி வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்.

தெளியாத உடம்பின்மேல் மீண்டும் மரப்பை ஏவக் கூடாது. ஒவ்வொரு முறையும் தெளிவு பின்னுக்குத் தள்ளிப்போகும், ஒரு கட்டத்தில் வராமலே போகலாம். ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அவள் சுண்டுவிரல் துடிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டிலருகே நின்று மூச்சை அடக்கினேன். மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. மரத்த உடம்புக்குப் பசி குறைவு. தேன் கலந்த நீரை நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பக்கம் மாற்றிப் படுக்கவைத்தேன். கண்களை ஒற்றினேன். சில சமயம் நான் ஒற்றும் முன்பே அவை நனைந்திருக்கும். அதனால் பஞ்சு மிச்சமானது.

எந்த இடத்தில் தற்காப்பு முடிந்து குற்றம் தொடங்கியது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலையிலிருந்து நீங்களும் மைத்துனனும் கதவை உடைத்த நாள்வரை, பயம் தானாக வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் நானே வரவழைத்தேன். அவளை மரக்கட்டையாக வைத்திருந்தது நான்தான். தெரிந்தே, விரும்பியே செய்தேன். இதற்குக் கீழே கையொப்பம் போடுகிறேன். வந்த பயம் மட்டும் போலியல்ல.

சற்று முன் உங்கள் உதவியாளர் உள்ளே வந்து சொன்னாரே, அதைக் கேட்ட பிறகு என் மனம் லேசாகிவிட்டது. "வைத்தியசாலைல அந்தம்மா வாயத் தொறந்துட்டாங்க, மேடம். ஒரே ஒரு கேள்விதான். அறைக்கதவு திறந்திருக்கான்னு கேட்டாங்களாம்."

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அவளை அறியாதவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்காதுதான். அவளுக்குக் குளிர்காற்று ஆகாது. அந்நியரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூசுவாள். யாரையாவது அனுப்பி அந்தக் கதவை உடனே சாத்தச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது; அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.