பதினான்கு முறை வராத வரி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, குரலை விற்றுப் பிழைக்கும் என் தோழர்களே, தோழியரே! வணக்கம் சொல்லக்கூட இன்று நாக்கு எழவில்லை.

நான் டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவன். இருபத்திரண்டு வருடம் அந்தப் பக்கம் நின்றவர், இதோ மாலை போட்ட படமாகிவிட்டவர், மாபெரும் குரல் கலைஞர், நம் ‘ஒரே டேக்’! அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? நான்தான். வில்லனோ கிழவனோ, தாளை ஒருமுறை பார்ப்பார், பேசுவார், முடிந்தது. என் டீ ஆறுவதற்குள் “அடுத்தது என்ன?” என்பார்.

தங்கை கண்ணை மூடியதும் அவள் மகனைத் தூக்கி வந்தார். அப்போது நாலு வயது. கல்யாணமே ஆகாத மனிதருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா? தெரியாது! அவனுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் அழைத்து வருவார். “மாமா, லேபிள் வெளிய தெரியுது” என்பான் அவன். “அது ஃபேஷன்டா” என்பார் இவர். மூன்றே வருடம். ஒருவரை விட்டு ஒருவர் இருக்கமாட்டார்கள்.

போன மாதம் ஒரு படம். தாய்மாமன், மருமகன் கதை. மாமனுக்கு இவர்தான் குரல். இவர் வளர்க்கும் பையன் என் பக்கத்து ஸ்டூலில். கடைசி வரி, “நான் உன்னை விட்டு எங்கயும் போகமாட்டேன்டா.” வரவில்லை! ஒருமுறையா, இருமுறையா? பதினான்கு முறை! உதடு அசைகிறது, குரல் வரவில்லை.

பாவி நான் என்ன செய்தேன்? கத்தினேன். “என்னய்யா, அஞ்சு வார்த்தை பேச அரை நாளா? நாக்குல சுளுக்கா?”

“அவனைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க” என்றார். கதவு மூடியது. ஒரே டேக்கில் பேசிவிட்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் உயிர் தாங்காது என்று டாக்டர் சொன்னது அன்று அவருக்கு மட்டுமே தெரியும்; எனக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது. ஊரார் எழுதிய பொய்யையெல்லாம் பேசிய வாய், அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு பொய் சொல்ல மறுத்திருக்கிறது. அதையா நான் சுளுக்கு என்றேன்! ஐயோ, இதை எந்தத் தண்ணீரில் கழுவுவேன்?

பையன் இப்போது என் வீட்டில் இருக்கிறான். நேற்று கேட்டான், “மாமா என்னை எதுக்கு வெளிய அனுப்பினாரு? நான் சத்தமே போடலையே.” பிறகு, “நீங்களும் போயிடுவீங்களா?”

அன்பர்களே, எனக்கு வயது அறுபத்தாறு. “இருப்பேன்டா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

இன்று காலை அவனுக்குச் சட்டையை நேராகப் போட்டுவிட்டேன். அதைக் கழற்றி, திருப்பிப் போட்டுக்கொண்டான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார் தலைவர். அந்தக் குரலுக்கு வேறு ஆள் பிடித்துவிடலாம் ஐயா. அந்த மாமனுக்கு யாரைப் பிடிப்பது? நாளைக் காலை எட்டரைக்கு, திருப்பிப் போட்ட சட்டையோடு, அவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். நாலு மணிக்கு வாசலில் நிற்பேன். நாளைக்கு மட்டும்தான் இந்த உறுதிமொழி. அதற்கு மேல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.