சத்தமில்லாமல் ஏறும் சர்வர்

சத்தமே இல்லையென்றால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

வள்ளியூர் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு பெண், தன்னோடு வேலைபார்க்கும் பெரியவரிடம் சொன்னாள்:

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல நோயாளிங்க விவரத்தச் சேத்து வைக்கிற டேட்டாபேஸ் சர்வர் புரோகிராம் தன்னால ஏறட்டும்னு ஓடவிட்டுட்டு வந்துட்டேன், அண்ணாச்சி. ஏறும்போது அது கேக்குற கேள்விக்குப் பதிலெல்லாம் முன்னமே எழுதிக் குடுத்தாச்சு. இனி நடுவுல அது ஒண்ணுமே கேக்காது."

"பொறவு என்ன?"

"பாதியில நின்னாலும் சொல்லாதுல்லா? காலையில நோயாளிகளுக்குச் சீட்டுப் போட முடியாமப் போயிரும்."

"ஏ பிள்ள, அடுப்புல பால வச்சிட்டு வந்த மாதிரில்லா பதறுத!"

"பாலுன்னா தீஞ்ச வாடையாவது வரும். நான் திரும்பிப் போயிப் பாக்கத்தான் போறேன்."

திரும்பிப் போகும் பேருந்தைப் பிடிக்க நாங்குநேரியிலேயே இறங்கிவிட்டாள்.

என் கைக்குழந்தை தொட்டிலில் அசையாமல் தூங்கினால் நானும் அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன். சும்மா விடு என்கிறார் கணவர். பிள்ளை வளர்த்தவர்களே, பார்க்கட்டுமா, விட்டுவிடட்டுமா? சொல்லுங்கள்.