தூக்குற கை

— விரலை ஒண்ணு ஒண்ணா மேல ஏத்துங்க. குதிக்காதீங்க. பிசியோ அம்மா என்ன சொன்னாங்க? எறும்பு ஊர்ற மாதிரி ஏறணும்.

— எறும்பாவது மேல போகும்டி. இது செத்த பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது.

— மூச்சைப் பிடிக்காதீங்க. எதுவரைக்கும் போயிருக்கு இப்ப?

— கட்டில்ல இருந்து தெரியலையா உனக்கு?

— உங்க முதுகுதான் தெரியுது. சுவர் எங்க தெரியுது?

— சுவிட்சுக்குக் கீழ.

— கீழயா? போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, சுவிட்சுக்கு மேல ஒரு சாண் தள்ளி பென்சில்ல கோடு போட்டீங்களே.

— போட்டேன்.

— இந்தா பாருங்க, காலைல தோள் இறுகித்தான் கிடக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு ஏத்துங்க.

— ஒத்தடம் குடுத்தாச்சு. குச்சியைப் பிடிச்சுத் தூக்கியாச்சு. கதவுல கயிறு மாட்டி இழுத்தாச்சு. குனிஞ்சு நின்னு கையை ஊஞ்சலாட்டம் ஆட்டியாச்சு. ஒரு மண்ணும் ஆகல.

— ஆப்பரேஷன் ஆகி ஒன்பது வாரம்தான் முடியுது. கிழிஞ்ச தசைநாரை இழுத்து, எலும்புல ஆணி வெச்சுத் தெச்சிருக்காங்க. ஒட்டறதுக்கு நேரம் குடுக்க வேணாமா? டயர் பஞ்சர்னா அரை மணியில ஒட்டிக் குடுத்துடுவீங்க. இது உடம்பு.

— எந்த டியூபை ஒட்டலாம், எதைத் தூக்கிக் குப்பையில போடணும்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா அதானே பார்க்கறேன்.

— என்ன பேச்சு இது? ஏங்க, ஏன் திரும்பாமயே பேசுறீங்க? ரொம்ப வலிக்குதா?

— வலிச்சாக்கூட பரவாயில்லை. சரி விடு.

— விடமாட்டேன். சொல்லுங்க.

— நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல? பயிற்சிக்குன்னு சொல்லிட்டுப் போனேன். பயிற்சி எதுவும் நடக்கல. ஸ்கேன் எடுத்தாங்க.

— ஸ்கேன் எதுக்கு?

— பிசியோ அம்மா கையைப் பக்கவாட்டுல தூக்கி வெச்சுட்டு, அப்படியே பிடிச்சிருங்கன்னு விட்டாங்க. பொத்துனு விழுந்துச்சு. அவங்க முகமே மாறிடுச்சு. எதையாவது தூக்கினீங்களான்னு கேட்டாங்க. இல்லவே இல்லன்னு சாதிச்சேன்.

— ஏங்க...

— ஆப்பரேஷனுக்கு அப்புறம் உன்னைத் தூக்க வர்ற ஆயாம்மா, போன செவ்வாக்கிழமை வரல. மணி பதினொண்ணு ஆச்சு. நீ பாத்ரூம் போக முடியாம, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்த.

— நான்தான் வேணாம் வேணாம்னு சொன்னேனே.

— சொன்ன. ஆனா உன் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அதைப் பார்த்துட்டு, கழுத்துல தொங்கற பட்டையில கையை மாட்டிக்கிட்டு மரம் மாதிரி நிக்கச் சொல்றியா? கழட்டி வீசிட்டுத் தூக்கினேன். பாதி வழியில தோளுக்குள்ள டப்புனு ஒரு சத்தம்.

— எனக்குக் கேக்கலையே.

— எனக்குக் கேட்டுச்சு.

— டாக்டர் என்ன சொன்னார்?

— தெச்ச இடம் பிரிஞ்சு போச்சு. ஏற்கெனவே அஞ்சு வருஷமா தேஞ்சு தேஞ்சு நைஞ்ச துணி மாதிரி இருந்ததாம். இனிமே ஊசி நிக்காதுன்னுட்டார். சாப்பிடலாம், சட்டை போட்டுக்கலாம். கை இவ்வளவுதான். ஆளைத் தூக்க முடியாது.

— சரி. தூக்க வேணாம். பார்த்துக்கலாம்.

— எப்படிடி பார்த்துக்கறது? மக பிரசவத்துக்குன்னு ஆயாம்மா இந்த வாரத்தோட நின்னுடறாங்க. அஞ்சு வருஷம் முன்ன நீ மாடிப்படியில விழுந்து காலுக்கு உணர்வு போனதுல இருந்து நான்தானே தூக்கறேன்? காலைல கட்டில்ல இருந்து சக்கர நாற்காலி, அங்கிருந்து பாத்ரூம். மதியம் கடையில இருந்து ஓடி வந்து ஒரு தடவை. சாயங்காலம் மறுபடி. லாரி டயரைப் பந்து மாதிரி தூக்கிப் போட்ட கை இது. இப்ப தண்ணிச் சொம்பைத் தூக்கினா ஆடுது.

— வேற ஏதாவது வழி பார்க்கலாம்.

— பார்த்துட்டேன். உங்க அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். பத்து மணிக்கு வண்டியோட வர்றார். நீ அங்க போயிடு.

— என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?

— கேட்டா நீ போவியா? நீ போகலன்னா நான் மறுபடி தூக்குவேன். என் புத்தி எனக்குத் தெரியும். நடுவுல கை விட்டுடும், உன் மண்டை தரையில மோதும். கண்ணை மூடினா அதான் வருது. அங்க ரெண்டு பசங்க தோளுக்கு மேல வளர்ந்து நிக்கறாங்க. பத்திரமா தூக்குவாங்க.

— அண்ணனை வர வேணாம்னு சொல்லுங்க.

— முடியாது.

— நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.

— என்னத்தைக் கேக்கறது? பொண்டாட்டியை வெச்சுப் பார்த்துக்க வக்கில்லாம, சுவத்தைப் பார்த்து அழுதுக்கிட்டு நிக்கறேன். தோத்துட்டேன்டி. போதும்.

— திரும்புங்க.

— மாட்டேன். உன் முகத்தைப் பார்த்தா அவரைத் திருப்பி அனுப்பிடுவேன்... என்ன சத்தம் அது? எதை இழுக்கற? ஏய், விழுந்துடப் போற!

— விழமாட்டேன். இப்ப திரும்பிப் பாருங்க.

— ஐயோ... நீ எப்படி நாற்காலிக்கு வந்த?

— கையை ஊனித்தான். மெத்தைக்கு அடியில பலகை வெச்சிருக்கேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல போட்டுட்டு நகர்ந்து வரணும். எனக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும்ல, அது சொல்லிக் குடுத்துச்சு.

— அந்தப் பொண்ணு நின்னு மூணு வருஷம் ஆச்சே.

— ஆமா.

— மூணு வருஷமா உனக்கு இது வருமா?

— வரும். நீங்க கடைக்குப் போனதும் நானே இறங்கி, நானே பாத்ரூம் போவேன். நீங்க வர்ற நேரத்துக்கு மறுபடி கட்டில்ல ஏறிப் படுத்துக்குவேன்.

— போன செவ்வாக்கிழமை?

— நீங்க கொஞ்சம் வெளிய போனா போயிடலாம்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க நகரல. உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைக்கூடத் திறந்துட்டேன். அதுக்குள்ள குனிஞ்சு, என் முதுகுக்கு அடியில கையைக் குடுத்துட்டீங்க. நானும் உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டேன்.

— இந்தக் கையைப் பாருடி. நல்லாப் பாரு. மூணு வருஷமா எதுக்கு என்னைத் தூக்க விட்ட?

— தூக்குற நேரம் தவிர நீங்க என்னைத் தொட்டு அஞ்சு வருஷம் ஆச்சுங்க.