இரண்டு விரல்

காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போடுவது எங்கள் வீட்டில் நான்தான், மாஸ்டர். புவனேஸ்வரிக்குச் சர்க்கரை அரைக் கரண்டி. ஜிம்முக்குக் கிளம்பும்போது அவள் பையையும் நானே தூக்கி வருவேன். பெண்டாட்டிக்குப் பை தூக்குகிறான் என்று சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் ஜிம்மில் ஸ்மித் மெஷினின் கொக்கி போல்ட் எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தறியில் கரைக்கு வேறு நிற இழை கோக்கும் கோர்வைச் சேலை ஓடுகிறது. நான் உட்கார்ந்து நெய்வேன்; புவனா பக்கத்தில் இருந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். தனியாளால் ஆகாத வேலை. பதினோரு வருஷம் அப்படியே பழகியதில், உருப்படியான காரியம் எதற்கும் இரண்டு ஆள் வேண்டும் என்று மனசில் பதிந்துவிட்டது. அவள் தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட் போட ஆரம்பித்தது எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். எழ முடியாமல் தவித்தால் பின்னால் நிற்பவன் கைகொடுக்க வேண்டும். எழுபது கிலோவில் தினமும் தவிப்பாள். தினமும் கைகொடுப்பேன். "நீங்க இல்லன்னா அவ்ளோதாங்க," என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும், நாள் முழுக்கத் தறியில் உட்காரலாம்.

அப்புறம் நீங்கள் அந்த ஸ்மித் மெஷினை இறக்கினீர்கள். கம்பி இரண்டு தண்டவாளத்துக்குள் ஓடுகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்கிறது. முதல் நாளே தொண்ணூறு தூக்கிவிட்டு, "நீங்க போய் அந்த பெஞ்சுல உக்காருங்க, இதுக்கு ஆளு வேணாம்," என்றாள். தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தேன். நொந்துபோனேன், மறைக்கவில்லை.

மெஷினில் தொண்ணூறு, தனிக் கம்பியில் எழுபதா என்று நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். நான்தான் விளக்கினேன். மெஷின் தாங்கிப் பிடிக்கிறது, தனிக் கம்பியை ஆடாமல் நிறுத்துவது உடம்பு, அதுதான் அசல் பலம் என்று. நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கொக்கியின் போல்ட்டைக் கழற்றினேன். யாருக்கும் அடிபடக் கூடாதே என்று 'பழுது' என அட்டையும் எழுதி மாட்டினேன். நான் கெட்டவன் இல்லை.

அவள் தனிக் கம்பிக்குத் திரும்பினாள், நானும் என் இடத்துக்குத் திரும்பினேன். அதில் எண்பது தூக்கினால் பெண்கள் வகுப்புக்கு அவள்தான் மாஸ்டர் என்றீர்கள். மூன்று வாரம் முயன்றாள். மூன்று வாரமும் பாதியில் நின்றாள். ஒருநாள் அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டது நான்தான்.

நேற்று தறியில் இழை அறுந்துபோய், முடிந்துவிட்டு வரத் தாமதமானது. நான் நுழைந்தபோது அவள் பின்னால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தீர்கள். எண்பது சர்ரென்று மேலே வந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னிக்கு லேசா இருக்குதுங்க," என்றாள். சிரிக்கவில்லை.

அவள் எழும்போது கம்பியின் மேல் இரண்டு விரல் வைப்பேன். கொஞ்சம் கீழே அழுத்தித்தான். கண்ணாடியில் தெரியாது, அவள் தலை மறைத்துவிடும். ஏழு மாதம், தினமும். தவித்ததும் அதே கையால் தூக்கியும் விட்டிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போல்ட் வீட்டில் நாடாப் பெட்டியில் இருக்கிறது, தந்துவிடுகிறேன். வகுப்பை அவளுக்கே கொடுங்கள். நாளை தொண்ணூறு முயலப் போகிறாளாம். பின்னால் நிற்க மட்டும் என்னையே விடுங்கள், மாஸ்டர். நான் இல்லாவிட்டால், பாவம், அவள் பயந்துவிடுவாள்.