மேசைப் பூவின் உயரம்

ஸ்டீவ்: அமுக்காதே... அமுக்காதேன்னா கேளு!

ஃபெபா: மிதக்குதே.

ஸ்டீவ்: மிதக்கட்டும். பூ குத்தற ஸ்பாஞ்ச் தானா தண்ணி குடிச்சு தானா முங்கணும். நீ அமுக்கினா வெளிய ஈரம், உள்ள காஞ்சு கெடக்கும். சாப்பாடு முடியறதுக்குள்ள ரோஜா தலையைத் தொங்கப் போட்டுரும்.

ஃபெபா: இங்க என் தலையே தொங்கிட்டிருக்கு. ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க.

ஸ்டீவ்: மாப்பிள்ளை எப்பிடி?

ஃபெபா: சுமாரா இருப்பான். பேசியே கொல்லுவான்.

ஸ்டீவ்: பாகலூர் ரோஜாத் தோட்டத்துல சூப்பர்வைசராமே? கை நெறைய...

ஃபெபா: கை நெறைய முள்ளு. கத்திரியைக் குடு.

ஸ்டீவ்: நேரா வெட்டாதே, சாய்ச்சு வெட்டு. கீழ எலை இருக்கக் கூடாது. வெளி எதழ் கருத்திருக்கு பாரு, அதை உரிச்சுப் போடு.

ஃபெபா: அய்யோ, பாதி பூ போச்சு.

ஸ்டீவ்: போகட்டும். உள்ள பாரு, புதுசாட்டம்...

ஜெபசீலி: ஃபெபா! பூக்காரத் தம்பிக்கு காபி வேணுமான்னு கேளுடி!

ஃபெபா: வேணாமாம்மா! நீ கிச்சன்லயே இரு! அவருக்குக் கன்னடந்தான், தமிழ் சரியா வராது!

ஜெபசீலி: அப்பிடியா... தம்பி, காபி பேக்கா?

ஸ்டீவ்: பேடம்மா!

ஃபெபா: நல்லா நடிக்கிறே.

ஸ்டீவ்: எல்லாம் உங்கப்பாவால வந்தது. கேட்டுல 'யாரு?'ன்னாரு. பூ கொண்டாந்திருக்கேன்னு சொல்ல வாயெடுத்தா, பயத்துல 'ஹூவு தந்திதீனி சார்'னு கன்னடம் வந்துருச்சு. என் மாஸ்க்கையே உத்துப் பாத்தாரு. அப்புறம் 'ஒளகே ஹோகி'ன்னு உள்ள போக வழி விட்டாரு.

ஃபெபா: உன்னை யாரு வரச் சொன்னது? டெம்போ ராமப்பன்கிட்ட குடுத்தனுப்புன்னுதானே சொன்னேன்?

ஸ்டீவ்: ராமப்பன் பெங்களூர் லோடோட அத்திப்பள்ளி டிராஃபிக்ல மாட்டிக்கிட்டான். பூ தானா நடந்து வருமா?

ஃபெபா: ஒரு மணிக்கு மாப்பிள்ளையா வர வேண்டியவன் பத்தரைக்கே பூக்காரனா வந்து நிக்கிறே. நம்ம பழக்கம் ரெண்டு வருஷம்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு. சர்ச் கல்யாண பீரோவுல வந்த வரன்னு நம்பித்தான் அப்பா தலையை ஆட்டியிருக்காரு.

ஸ்டீவ்: தெரியாது, விடு.

ஃபெபா: எப்பிடி விடறது? அக்கா லவ்வுன்னு சொன்னப்ப அப்பா ரெண்டு வருஷம் அவகூடப் பேசலை. கிறிஸ்மஸ் அன்னிக்கு வாசல்ல வந்து நின்னா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது. எனக்கு நீயும் வேணும், எங்கப்பாவும் வேணும் ஸ்டீவ்.

ஸ்டீவ்: தழையை முதல்ல குத்து. ஸ்பாஞ்ச் வெளிய தெரியக் கூடாது... எனக்கும் வேணும் உங்கப்பா. எங்கப்பா ஒருத்தரைச் சமாளிக்கவே முடியலை, ஆனாலும் வேணும்.

ஃபெபா: சரி, இந்த நீளத் தண்டை நடுவுல வை.

ஸ்டீவ்: பைத்தியமா? முழங்கையை மேசைல ஊனு. முஷ்டியைத் தாடைக்குக் குடு. ஆங்... அதுக்கு மேல பூ போகக் கூடாது. எதிர்ல உக்கார்றவங்க மூஞ்சியை மறைக்கும்.

ஃபெபா: மறைக்கத்தான் சொல்றேன்! நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். உன்னைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும். அப்பா ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங்ல முப்பது வருஷம் இருந்தவர். பீஸ்ல முடியாட்டம் ஒரு கீறல் இருந்தாலும் எடுத்து வெளிய போட்டுருவாரு.

ஸ்டீவ்: பொண்ணு பாக்க வந்தவன் பூவைப் பாத்துட்டுப் போறதா?

ஃபெபா: இப்பவே பாத்துக்கோ.

ஸ்டீவ்: அதான் பாத்துட்டு...

ஃபெபா: பூவைப் பாத்துக் குத்துடா!

ஸ்டீவ்: ஆ!

ஃபெபா: முள்ளா? காட்டு... ரத்தம் வருது பாரு. இரு, அசையாதே.

ஜெபசீலி: என்னடி சத்தம்?

ஃபெபா: ஏனில்லம்மா!

ஸ்டீவ்: ஒண்ணுமில்லேன்னு சொல்ல உங்கம்மாகிட்ட எதுக்குக் கன்னடம்?

ஃபெபா: உன் பயம் எனக்கும் தொத்திக்கிச்சு. சிரிக்காதே...

ஸ்டீவ்: சரி, சரி. இந்த மூலைல ஜெர்பராப் பூ ஒண்ணு... வெள்ளைப் பொடிப்பூ இங்க கொஞ்சம். ஆச்சு. எப்பிடி?

ஃபெபா: அழகா இருக்கு. நெஜமா அழகா இருக்குடா.

ஸ்டீவ்: நடுவுல உன் நீளத் தண்டு. உனக்காக, மனசில்லாம வெச்சிருக்கேன்.

ஃபெபா: தேங்க்ஸ். கெளம்பு, போய்க் குளி. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு வா.

ஸ்டீவ்: எப்பிடிப் போறது? உங்கப்பா கேட்டை விட்டு நகரலியே.

ஃபெபா: இன்னுமா நிக்கிறாரு? அய்யோ... மறுபடி பாத்தாருன்னா... ஏய், அம்மா வர்றாங்க! மாஸ்க்கை ஏத்து!

ஜெபசீலி: ஆச்சா? அடேயப்பா... நல்லா இருக்கே தம்பி. நடுவுல மட்டும் எதுக்கு இவ்ளோ ஒசரம்?

ஸ்டீவ்: அது... ஃபேஷன் மேடம்.

ஜெபசீலி: வெட்டிருங்க.

ஃபெபா: வேணாம்மா, இருக்கட்டும்...

ஜெபசீலி: சும்மா இருடி. சாப்பிடறப்ப ஒருத்தரை ஒருத்தர் பாக்க வேணாமா? கல்யாண பீரோவுல குடுத்த போட்டோலயும் உன் பின்னாடி ஒரே ரோஜாச் செடி. மாப்பிள்ளை போட்டோலயும் ஒரே ரோஜாச் செடி.

ஃபெபா: ரோஜாத் தோட்டம்னா எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கும்...

ஜெபசீலி: ரெண்டு போட்டோலயும் பின்னாடி பலகைல 'பெட் நம்பர் பதினாலு'ன்னு பாத்தி நம்பர் எழுதியிருக்கே. அதுவும் ஒரே மாதிரி இருக்குமோ?

ஃபெபா: அம்மா...

ஸ்டீவ்: அத்தை, தப்பு என்மேலதாங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.

ஜெபசீலி: தமிழ் நல்லாத்தானே வருது!

ஃபெபா: அம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதம்மா. உன் கால்ல வேணா விழறேன்.

ஜெபசீலி: நான் என்னத்தைச் சொல்றது? லென்ஸ் வெச்சு அந்த நம்பரைப் படிச்சதே அவருதான். 'பெரியவகிட்டப் பேசாம இருந்து நான் பட்டது போதும், இவளாவது பொய்யோட பொய்யா சந்தோஷமா இருக்கட்டும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே'ன்னுட்டாரு. பின்வாசல் தெறந்திருக்கு, கெளம்புங்க மாப்ளே... நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னு அந்த மனுஷன் முக்கால் மணி நேரமா கேட்டுலயே நின்னு பேப்பர்ல ஒரே பக்கத்தைப் படிச்சிட்டிருக்காரு. கால் வலி வேற அவருக்கு.