உங்கள் மேசை தயார்

கணேசமூர்த்தி: ...நீங்க போங்க தம்பி, உள்ள போங்க. எனக்கு அவசரமில்ல.

ரோகினி: அங்கிள், வர்றவங்க எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டு இருக்கீங்களே.

கணேசமூர்த்தி: நீ பாத்துக்கிட்டா இருந்த?

ரோகினி: பக்கத்து நாற்காலிதானே... உங்க ஃபோன் வேற டிங் டிங்னு அடிக்குது.

கணேசமூர்த்தி: எல்லாம் இந்தக் கடை ஆப்தாம்மா. எஸ்டேட்டுக்குள்ள சோறு திங்க வந்தாலும் ஃபோன்ல பேரு குடுக்கணுமாம். "உங்கள் மேசை தயார்"ங்குது. "பிறகு"ன்னு அமுக்கினா, கடைசிக்குத் தள்ளிருது. நான் என்ன குத்தம் செஞ்சேன்?

ரோகினி: அது... பேரு குடுத்துட்டு வராமப் போறவங்களுக்காக வெச்சது.

கணேசமூர்த்தி: நான்தான் வந்துட்டேனே! இந்தச் செம்பனை மரத்தடியிலதானே உக்காந்திருக்கேன்!

ரோகினி: சரி... எப்படி இருந்தா உங்களுக்கு நல்லாருக்கும்?

கணேசமூர்த்தி: மொதல்ல நம்பர் சொல்றத நிப்பாட்டணும். ஒம்பதுங்குது, எட்டுங்குது, மறுபடி ஒம்பதுங்குது. நாலு நம்பர் லாட்டரிச் சீட்டா இது? "போயி காலாற நடந்துட்டு வா, நேரம் வந்தா கூப்புடுறேன்"னு சொன்னா பத்தாதா?

ரோகினி: "பிறகு"ன்னு சொன்னா?

கணேசமூர்த்தி: அடுத்த ஆளு உக்காரட்டும். ஆனா எனக்கு அடுத்த மேசையக் குடு. கடைசிக்கு ஏன் வெரட்டுற?

ரோகினி: ம்... இருங்க, இருங்க...

கணேசமூர்த்தி: என்ன ஃபோன்ல தட்டுற? நீ இந்த நஜிமுதீன் பாய் கடையில வேல செய்யிறியா?

ரோகினி: இல்ல அங்கிள்... இந்த ஆப்ப செஞ்சதே நாங்கதான்.

கணேசமூர்த்தி: அலமாக்! இவ்ளோ நேரம் திட்டிட்டேனே...

ரோகினி: திட்டுங்க. யாரும் நேர்ல வந்து சொல்றதில்ல. ஆனா ஒண்ணு புரியல... மேசை வந்தாச்சு. பசி நேரம். நீங்க ஏன் உள்ள போகல?

கணேசமூர்த்தி: கூட ஒருத்தங்க வரணும்.

ரோகினி: இன்னும் வரலையா?

கணேசமூர்த்தி: மேசை கெடச்சதும் மெசேஜ் போடுறேன்னேன். இங்கதான் எங்கயாச்சும் இருப்பாங்க.

ரோகினி: மேசைதான் கெடச்சிருச்சே.

கணேசமூர்த்தி: கெடச்சா உள்ள போகணும். உள்ள போனா கேக்கணும்.

ரோகினி: என்ன கேக்கணும்?

கணேசமூர்த்தி: நீ ஒன் ஆப்பப் பாரு லா.

ரோகினி: சரி... கேக்கல.

கணேசமூர்த்தி: ...குமுதவல்லின்னு பேரு. ரெம்பாவ் பசார்ல, மீன் சந்தையில பழக்கம். "அந்த மீன வாங்காதீங்க, நேத்து மீன்"னு மொத மொத சொன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும்... மீனே வேணாம்னாலும் போயிருவேன்.

ரோகினி: ஐயோ அங்கிள்!

கணேசமூர்த்தி: சிரிக்காத. அவங்க வீட்டுக்காரரும் தவறிட்டாரு, என் சம்சாரமும் தவறிட்டா. மிச்ச காலத்துக்குச் சேந்து இருக்கலாமான்னு கேக்கணும். எஸ்டேட்ல லோரி ஓட்டுன ஆளு நான், எந்த மேட்டுலயும் பயந்ததில்ல. இப்ப இந்தக் கடைப் படி ஏற முடியல.

ரோகினி: மாட்டேன்னு சொல்லிருவாங்கன்னு பயமா?

கணேசமூர்த்தி: சொன்னாக்கூடப் பரவால்ல. அப்புறம் பசாருக்கே வராமப் போயிட்டா? காத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலல்ல...

ரோகினி: காத்துக்கிட்டு இருக்கிற வரைக்குமா...

கணேசமூர்த்தி: என்ன, அதையும் ஆப்ல போடப் போறியா?

ரோகினி: இல்ல... அவங்களுக்குப் பிள்ளைங்க?

கணேசமூர்த்தி: ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கு, நான் பாத்ததில்ல. அந்தப் பிள்ள வேணாம்னா, நானே ஒதுங்கிருவேன். ஒன் அம்மான்னு வெச்சுக்க... நீ என்ன சொல்லுவ?

ரோகினி: மொதல்ல கோவம் வரும். அப்பா எடத்துல இன்னொருத்தரான்னு தோணும்.

கணேசமூர்த்தி: வரும்... வரத்தான் செய்யும்.

ரோகினி: அப்புறம், ஆளு யாருன்னு ஒரு தடவ பாத்துரணும்னு இருக்கும்.

கணேசமூர்த்தி: பாத்துட்டு?

ரோகினி: அங்கிள், ஃபோன் அடிக்குது. மறுபடி மேசை வந்திருச்சு.

கணேசமூர்த்தி: ஐயோ... அந்த "பிறகு" எங்க...

ரோகினி: அமுக்காதீங்க! "வருகிறேன்"னு பச்சையா இருக்குல்ல... அத அமுக்குங்க.

கணேசமூர்த்தி: நீ வேற... சரி, அமுக்கிட்டேன். அமுக்கிட்டேன்மா! இரு, அவங்களுக்கு மெசேஜ் போடுறேன்.

ரோகினி: மெசேஜ் வேணாம், நீங்க உள்ள போயி உக்காருங்க. நான் கூட்டிட்டு வர்றேன். மேசை இன்னும் வரல, ஒன் ஆப்தான் கெட்டுப்போச்சுன்னு, அங்க நிறுத்தியிருக்கிற காடிக்குள்ள உக்காந்துகிட்டு அம்மா என்னத் திட்டிக்கிட்டே இருக்காங்க.